மாப்பிள்ளைச் சவரம்

சிவக்குமாருக்கு முப்பத்தாறு வயது முடிந்திருந்தது. அதில் முகத்தை மழமழவென்று வழித்த நாட்களை எண்ணினால் முப்பதைத் தாண்டாது. பாலிடெக்னிக் விடுதியில் மற்ற பையன்களோடு சேர்ந்து முதன்முதலாகப் பிளேடு வைத்தான். அன்று சாயங்காலமே தாடைக்குக் கீழே ராகியைத் தூவியது போலப் பொரிந்துவிட்டது. சட்டைக் காலர் பட்டால் எரிந்தது. பிளேடை மாற்றினான், சோப்பை மாற்றினான், படிகாரம் தேய்த்தான், யாரோ சொன்னார்கள் என்று கற்றாழையும் தடவினான். எதற்கும் அது அடங்கவில்லை. ஒவ்வொரு முறையும் நாலைந்து நாள் இருந்து, தானாக அமுங்கியது.

நாமக்கல்லில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டினான். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இது நோயே இல்லை என்றார். முடி சுருண்டு வளரும் வாகு. ஒட்ட வழித்தால் முனை திரும்பித் தோலுக்குள்ளேயே குத்துகிறது, உடம்பு அதை முள்ளென்று நினைத்து வீங்குகிறது, அவ்வளவுதான். ஒட்ட வழிக்காமல் விட்டால் ஒன்றும் வராது. அதிலிருந்து அவன் டிரிம்மருக்கு மாறினான். எருமப்பட்டிக்குத் தெற்கே அவர்களுக்கு முட்டைக் கோழிப் பண்ணை. கோழிகளுக்கு அவன் தாடியைப் பற்றிக் கவலை இல்லை. தீவனம் இறக்க வருகிறவர்களும் முட்டை ஏற்ற வருகிறவர்களும் அவனைக் குறுந்தாடியோடுதான் அறிவார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் மோகனூர்ப் பக்கம் ஓர் இடம் கூடி வந்தது. நிச்சயமாக உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்ளும் நாளன்று மாப்பிள்ளை லட்சணமாக இருக்கட்டும் என்று அம்மா சென்னியம்மாள் வற்புறுத்த, டவுனில் ஒரு கடையில் வழித்துக்கொண்டு போனான். பங்குனி வெயில். பந்தலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் கழுத்து முழுக்கச் சிவந்துவிட்டது. பெண்ணின் அத்தை ஒருத்தி காப்பி கொடுக்கும் சாக்கில் குனிந்து பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் தரகரிடமிருந்து போன் வந்தது. ஜாதகத்தை இன்னோர் இடத்தில் பார்த்தார்களாம், தசை சேரவில்லையாம். தசையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாப்பிள்ளைக்குத் தோல் வியாதி என்ற பேச்சு அதற்குப் பிறகு வந்த மூன்று இடங்களுக்கும் இவர்கள் கார் போய்ச் சேரும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பெண் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிற காலத்தில் அப்படி ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டால் அதை எதைப் போட்டுக் கழுவுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

தனப்பிரியாவின் ஜாதகம் போன ஆவணியில் வந்தது. முப்பத்தொரு வயது. மருந்தாளுநர் படிப்புப் படித்து, திருச்செங்கோட்டில் ஒரு மெடிக்கலில் வேலையாக இருந்தாள். அப்பா தனபால் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். அவர்கள் வந்து பார்த்தபோது சிவக்குமார் டிரிம்மர் போட்ட தாடியோடு இருந்தான். அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முன்பு ஓர் இடம் கூடி நின்றுபோனதைத் தனபால் கேட்டார். ஜாதகம் என்று பதில் சொன்னார்கள். அது பொய்யுமில்லை, மோகனூர்க்காரர்கள் சொன்னது அதுதான். தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தார்கள்.

நிச்சயம் ஆன பிறகு இருவரும் தினமும் போனில் பேசினார்கள். மருந்துச் சீட்டே இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களைப் பற்றி அவள் சொன்னாள். வெயில் ஏறினால் கோழி எப்படி முட்டையைக் குறைக்கும் என்று அவன் சொன்னான். முகத்து விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் தீவனத்தில் கொண்டுபோய் முடித்தான்.

தாடியோடேயே கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன், இப்போது எல்லாரும் அப்படித்தான் பண்ணுகிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தான். சென்னியம்மாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அப்பா சின்னண்ணன் இறந்த வருடம் மகன் வைத்திருந்த தாடிதான் அவள் கண்ணில் இருந்தது.

"தாடியோட மணையில உக்காந்தா கல்யாண ஊடா, கருமாதி ஊடான்னு கேக்க மாட்டாங்களா சாமி?" என்றாள். பிறகு மாரியப்பனுக்கு ஆள் அனுப்பினாள்.

மாரியப்பன் எருமப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டுச் சலூன் நடத்துகிறவர். இவர்கள் வகையறாவில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்குச் சவரச் சீர் செய்வது அவர் குடும்பத்தின் உரிமை. முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பலகையில் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, அறுகம்புல்லைப் பாலில் தோய்த்துக் கன்னத்தில் தொட்டு, கத்தி வைப்பார். அதன் பிறகுதான் மாப்பிள்ளை குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு மேடைக்குப் போகலாம். சிவக்குமாருக்கு மாதம் இருமுறை தாடியைக் குறைத்துவிடுகிறவரும் அவர்தான். அவன் கழுத்தின் கதை அவருக்குப் புதிதில்லை.

டாக்டர் சொன்னதை அவனை உட்கார வைத்து முழுக்கக் கேட்டுக்கொண்டார். மார்கழியில் நாலு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்கலாம் என்றார். வெந்நீரில் நனைத்த துண்டை ஐந்து நிமிடம் முகத்தில் போட்டார். முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு முகத்தை வரைந்து அம்புக்குறி போட்டுக்கொண்டார். கன்னத்தில் எல்லாம் கீழ்நோக்கி இருந்தது. கழுத்தில் மட்டும் வலது பாதி காதைப் பார்த்து ஏறியது, இடது பாதி குறுக்கே ஓடியது. அந்தந்த வாக்கிலேயே ஒரு தடவை இழுப்பது, திரும்ப அந்த இடத்துக்கு வருவதில்லை. தோலை இழுத்துப் பிடிக்கவும் கூடாது. அவருக்குச் சிரமமாக இருந்தது அது ஒன்றுதான். முப்பது வருடமாக வலது கை கத்தியைத் தூக்கினால் இடது கட்டைவிரல் தானாகவே போய்க் கன்னத்தை இழுக்கும். முதல் ஞாயிறு அதனால் பதினொரு கொப்புளம். அடுத்த ஞாயிறு இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு வேலை செய்தார். கடைக்கு வந்தவர்கள் கைக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். ஐந்து கொப்புளமாகக் குறைந்தது. மூன்றாம் ஞாயிறு இரண்டு. நாலாம் ஞாயிறு ஒன்றும் வரவில்லை.

வழவழப்பு என்று சொல்ல முடியாது. தடவினால் சப்போட்டாப் பழத்தோல் மாதிரி இருந்தது. சிவக்குமார் கன்னத்தைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கல்யாணத்துக்கு வாரவங்க பாக்கத்தான் வாராங்க, தடவறதுக்கு இல்ல. தடவறவங்க பொறவு தடவிக்கட்டும்" என்றார் மாரியப்பன்.

இன்னொரு சங்கதியும் அவர் கண்டுபிடித்திருந்தார். ஒருமுறை வழித்தால் நாலு நாளைக்கு அந்த முகத்தில் கத்தி படக் கூடாது. ஆனால் வரவேற்பு சனிக்கிழமை சாயங்காலம், முகூர்த்தம் ஞாயிறு காலை. அதனால் சனிக்கிழமை காலை வீட்டில் வைத்து அவரே வழிப்பது என்றும், ஞாயிறு சீரின்போது கத்தியின் முதுகைத் திருப்பி வைத்து எடுத்துவிடுவது என்றும் முடிவானது. சீருக்குக் கத்தி பட்டால் போதும், மயிர் விழ வேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை என்பது அவர் கட்சி.

சனிக்கிழமை காலை வேலை சுத்தமாக முடிந்தது. மத்தியானம் மூன்று மணிக்குச் சிவக்குமார் நாமக்கல் மண்டபத்துக்கு வந்து, மாப்பிள்ளை அறையில் பாய் விரித்துப் படுத்திருந்தான். கதவைத் தட்டிக்கொண்டு தனப்பிரியாவின் தாய்மாமன் அன்பரசு வந்தார். பின்னாலேயே கறுப்பு டீ-ஷர்ட் போட்ட ஒருவர் பெட்டியோடு வந்தார். பெண்ணுக்கு அலங்காரம் செய்யச் சேலத்திலிருந்து வந்த குழுவில் மாப்பிள்ளைகளுக்கென்றே இருக்கிற ஆள். தாய்மாமன் சீராக அன்பரசு தன் கைப்பட ஏற்பாடு செய்தது.

அந்த ஆள் சிவக்குமாரின் கன்னத்தைப் புறங்கையால் தடவிப் பார்த்தார். இது பாதி வேலை, ரிசப்ஷன் லைட்டில் கேமராவுக்குப் பச்சையாகத் தெரியும், ஒரு முறை ரிவர்ஸில் ஓட்டிவிட்டால்தான் மேக்கப் உட்காரும் என்றார்.

"இருக்கட்டுங்க மாமா" என்றான் சிவக்குமார்.

"அட, கூச்சப்படாதீங்க மாப்ள."

"இல்லீங்க, இதே போதுமுங்க. இருக்கட்டுங்க."

அந்தப் பக்கத்தில் காப்பி கொடுத்தாலும் இருக்கட்டுங்க என்பார்கள், காரில் ஏறச் சொன்னாலும் இருக்கட்டுங்க என்பார்கள். இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. கொடுக்கிறவரும் இரண்டு முறையோடு விட்டுவிட்டால் மனசில்லாமல் கொடுத்தார் என்று ஆகிவிடும். அன்பரசு மனசோடு கொடுக்க வந்தவர். எனக்கு ஒட்ட வழித்தால் ஆகாது என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பார். அந்த வாக்கியம் சிவக்குமாரின் நாக்கு வரைக்கும் வந்தது. ஏன் ஆகாது என்று அடுத்து கேட்பார். அதற்கு என்ன பதில் சொன்னாலும் அது பெண் வீட்டு அறைக்குப் போய்ச் சேரும்போது தோல் வியாதியாக மாறியிருக்கும். அவன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை நீட்டினான்.

ஐந்து பிளேடு வைத்த ரேசர். கீழிருந்து மேலே இரண்டு முறை, குறுக்கே ஒரு முறை. முடிவில் வாசனைத் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி இரண்டு கன்னத்திலும் தட்டினார். அன்பரசு தள்ளி நின்று பார்த்து, இப்பத்தான் மாப்பிள்ளை மாதிரி இருக்குது என்று திருப்தியோடு போனார். வரவேற்பில் முகம் பளிங்கு மாதிரி இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். கடைசிப் பந்தி முடிவதற்குள் காலருக்குள் அரிக்கத் தொடங்கியிருந்தது.

ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்கு முகம் கழுவிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான். இடது தாடையில் மட்டும் இருபத்து மூன்று எண்ணினான். கழுத்தை எண்ணவில்லை. சில கொப்புளங்களின் தலையில் வெள்ளை கட்டியிருந்தது.

மாரியப்பன் சீர்ப் பெட்டியோடு உள்ளே வந்தார். பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார்.

"யாரு கை வெச்சது?"

சொன்னான்.

"வேண்டாம்னு சொல்ல வாயில்லையா தம்பி உங்களுக்கு?"

மாரியப்பன் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார். பிறகு யோசனை சொன்னார். அந்த மேக்கப் ஆளையே எழுப்பி நேற்றைய பூச்சைக் கனமாகப் பூசச் சொல்வது. சீருக்குத் தண்ணீர் அதிகம் விடாமல் தானே பார்த்துக்கொள்வது. முகூர்த்தம் ஆறரைக்கு. இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும்.

"மூணு முடிச்சு உழுந்துட்டா பொறவு யாரு என்ன பேசி என்ன ஆவப்போவுது" என்றார்.

முடியக்கூடிய காரியம்தான். சிவக்குமார் பாயில் உட்கார்ந்து அதை யோசித்தான். முடிச்சு விழுந்துவிடும். பத்து மணிக்கு வேர்வையில் பூச்சு கரையும். மணையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் முதலில் பார்ப்பாள். மருந்துக் கடைக்காரி, தொற்று எது, தொற்றில்லாதது எது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கழுத்தில் தாலி ஏறும்வரை இதை மறைத்து வைத்தான் என்பதற்கு எந்த மருந்துக் கடையிலும் விளக்கம் இல்லை. மோகனூர்க்காரர்கள் போனபோது அவன் யாருக்கும் எதையும் மறைத்திருக்கவில்லை. இன்றைக்குப் பூசிக்கொண்டால் அந்தப் பேச்சு உண்மை மாதிரியே ஆகிவிடும்.

கழுத்தைப் போட்டோ எடுத்துத் தனப்பிரியாவுக்கு அனுப்பினான். உடனே போனும் செய்தான். அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார்கள், பின்னால் பெண்களின் குரல் கேட்டது.

"எனக்கு ஒட்ட வழிச்சா இப்பிடித்தாங்க ஆவும். எப்பவுமே" என்றான். "நோயில்ல, தொத்தாது. டாக்டருகிட்டக் காட்டியாச்சு. முன்னாடி ஒரு எடம் இதனாலதான் போச்சுங்க. ஜாதகம்னு அவங்க சொன்னது சும்மா."

அவள் போட்டோவைத் திறந்து பார்க்கும் வரை பின்னல்காரியின் பேச்சுதான் கேட்டது.

"யாரு ரிவர்ஸ்ல அடிச்சது?" என்றாள் தனப்பிரியா.

"உங்க மாமா கூட்டியாந்த ஆளுங்க."

"இத்தன நாளு போன்ல கோழியப் பத்திப் பேசுனீங்களே. இதச் சொல்றதுக்கு என்னங்க?"

"பயமா இருந்துச்சுங்க."

சாயங்காலம் வரைக்கும் அதன்மேல் எதுவும் பூசக் கூடாது, சொறியக் கூடாது, குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி எடுக்கட்டும் என்று கடையில் மருந்து கொடுக்கும் குரலில் சொன்னாள். சரியென்றோ பரவாயில்லையென்றோ சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

ஐந்தரைக்குச் சீர் தொடங்கியது. பலகை போட்டு அவனைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தார்கள். மேலே வேட்டியை நாலு பேர் பிடித்தார்கள். மாப்பிள்ளையை மேடைக்கு அழைத்துப் போக வந்த பெண் வீட்டார் பத்துப் பேர் எதிரே நின்றார்கள். அன்பரசுவின் மனைவி சாலம்மாள் ஆரத்தித் தட்டோடு முன்னால் இருந்தாள். மாரியப்பன் பால் தொட்ட அறுகம்புல்லைக் கன்னத்தில் வைத்தார். டியூப் லைட் நேரே முகத்தில் அடித்தது.

"இதென்ன, மொகமெல்லாம் என்ன இது?" என்றாள் சாலம்மாள்.

சென்னியம்மாள் வாயைத் திறந்தாள். மகன் முந்திக்கொண்டான்.

"ஒட்ட வழிச்சா வருமுங்க அத்தை. பதினெட்டு வயசுல இருந்து வருது. நாலு நாள்ல போயிரும்."

"நேத்துப் பளிங்காட்ட இருந்துச்சே."

"அதனாலதாங்க இன்னிக்கு இப்பிடி இருக்குது."

சாலம்மாள் தட்டை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டுத் தனபாலைத் தேடிப் போனாள். கத்தியைத் திருப்பிப் பிடித்தபடி மாரியப்பன் நின்றார். வேட்டி பிடித்த நாலு பேரும் கையை மாற்றிக்கொண்டார்கள். சென்னியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மகனையே பார்த்தாள். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான், பால் கழுத்தில் வழிந்து எரிந்தது.

தனபால் வந்தார். வேட்டிக்குக் கீழே குனிந்து, பட்டறையில் லாரியின் பெயிண்டைப் பார்க்கிறவர் போலத் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கட்டைவிரலால் தாடையைத் தொட்டு அழுத்தினார்.

"வலிக்குதா?"

"எரியுமுங்க மாமா."

"முன்னாடி ஒரு எடம் நின்னது இதுக்குத்தானா?"

"ஆமாங்க."

"ஜாதகம்னு சொன்னீங்க."

"அவங்க எங்ககிட்ட அப்பிடித்தாங்க சொன்னாங்க. நாங்க அதையே சொல்லீட்டோம். இதச் சொல்லியிருக்கோணும்."

தனபால் நிமிர்ந்தார். சித்தெ இருங்க என்று சொல்லிவிட்டுப் பெண் அறைப் பக்கம் போனார். சாலம்மாள் பின்னாலேயே போனாள். முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டு யாராவது சைகை காட்டுவார்களா என்று பார்த்தார்.

உள்ளே நடந்தது பிறகுதான் தெரிந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் மேடைக்கு அனுப்பக் கூடாது என்று சாலம்மாள் சொன்னாள். தனபால் மகளைக் கேட்டார். தனப்பிரியா திரும்பக்கூட இல்லை, பூ வைத்துக்கொண்டிருந்தார்களாம்.

"எனக்குத் தெரியுமுங்கப்பா. எந்திரிச்ச ஒடனே அவங்களே போன் பண்ணிச் சொல்லீட்டாங்க. எங்க கடைக்கு வாரத்துக்கு நாலு பேரு இதே மொகத்தோட வாராங்க" என்றாள். தனபால் அதற்கு மேல் கேட்கவில்லை. மகளுக்குத் தெரிந்து நடக்கிறது என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

திரும்பி வந்து மாரியப்பனைப் பார்த்து, "ஆவட்டுங்க, நேரமாவுது" என்றார். கன்னத்தில் கத்தி பட்டது. முதுகுப் பக்கம்தான். எல்லாரும் பார்க்கவே திருப்பிப் பிடித்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

ஆறு நாற்பதுக்குத் தாலி கட்டினான். முகத்தில் ஒன்றும் பூசவில்லை. போட்டோக்காரர் மட்டும் இரண்டு முறை டச்சப் டச்சப் என்று கத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மணையில் தனப்பிரியா அவன் கழுத்தைத் திரும்பி ஒரு பார்வை பார்த்து, இனிமேல் என்கிட்டக் கேக்காம எவன் கத்திக்கும் கழுத்தக் குடுக்காதீங்க என்று முணுமுணுத்தாள். ஐயரும் மந்திரமும் இல்லாத கல்யாணம், சடங்குகளை நடத்திவைக்கும் பெரியவரான அருமைக்காரர் வாழ்த்திக்கொண்டிருந்தார், அவருக்கு அது கேட்டிருக்கும்.

மத்தியானம் சம்பந்திப் பந்தியில் அன்பரசு வந்து சிவக்குமாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் இந்தப் பக்கம் வரவில்லை. பருப்புக்கும் சாம்பாருக்கும் சாப்பிட்டு முடித்தார்.

"நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல மாப்ள. நானென்ன எதிராளியா?"

"சொல்லியிருந்தா நீங்க வேற மாதிரி நெனச்சிருப்பீங்க மாமா."

அன்பரசு மறுக்கத்தான் வாயெடுத்தார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"நெனச்சிருப்பேன்தான்" என்றார். ரசம் வந்தது. இலையில் சோற்றைக் குழித்து, ஊற்றச் சொன்னார்.